பக்கத்து நிலத்தில் என்ன வரப்போகிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காலி நிலம் ஏதும் இருக்கிறதா? நேற்று வரை புல் மண்டிக் கிடந்த இடம். மாலையில் நீங்கள் பந்து விளையாடிய இடம். இன்று காலை பள்ளிப் பேருந்துக்காக நிற்கும்போது பார்த்தால் சுற்றிலும் தகர வேலி. உள்ளே ஒரு மண்வாரி இயந்திரம். என்ன வரப்போகிறது? வீடுகளா, கடைவரிசையா, தொழிற்சாலையா?

அம்மாவைக் கேட்டால் “தெரியலையேம்மா” என்பார். பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டால் “கட்டி முடிச்சதும் தெரிஞ்சிரும்” என்று சிரிப்பார். பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் கட்டி முடிப்பதற்கு முன்பே, ஏன், வேலி போடுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் சொல்வதற்கும் வழி இருக்கிறது. அந்த வழியைப் பற்றியும், அதை அறியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் இந்த வாரம் பார்ப்போம். நமது ஈப்போவுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கதை இதற்கு உதவும்.

தோட்டமும் ஒரு திட்டம்தான்

நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அந்தத் தோட்டம் இல்லை. அந்த இடத்தில் ஒரு தாமான் இருக்கிறது. என் பாட்டி இன்றும் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது காற்றிலேயே கையால் படம் வரைவார். “மேட்டுல தொரை பங்களா. அதுக்குக் கீழே கிராணி வீடு. பள்ளத்துல நம்ம லயம். லயத்துக்குப் பக்கத்துல ஸ்டோரு. மழை பேஞ்சா தண்ணி நம்ம வாசலுக்குத்தான் வரும்” என்பார்.

இதில் எதுவும் தற்செயலாக அமைந்தது இல்லை. பால்மரத்திலிருந்து இறக்கிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். பாலில் பெருகும் நுண்ணுயிரிகள் அமிலத்தை உண்டாக்குவதுதான் காரணம். எனவே பால் கெடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரத்தில் ஸ்டோர் இருக்க வேண்டும். விடியும் முன்பே பெரட்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். எனவே லயமும் அருகில் இருக்க வேண்டும். பங்களாவுக்குக் காற்று வேண்டும், வெள்ளம் வரக்கூடாது. எனவே அது மேட்டில். யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு இதையெல்லாம் முடிவு செய்திருக்கிறார். ஒட்டுப்பாலின் நாற்றம் யார் வீட்டுக்குள் வரும் என்பதும் அந்தக் கோட்டிலேயே முடிவாகிவிட்டது.

நமது சீன நண்பர்கள் பலரின் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த புதுக்கிராமங்களும் இப்படி வரைந்து உருவாக்கப்பட்டவையே. அவசரகாலத்தின்போது, 1950-ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த லட்சக்கணக்கான மக்கள் வேலியிட்ட புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். பேராக்கில் அத்தகைய கிராமங்கள் ஏராளம்.

எது எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நகரத் திட்டமிடல். தோட்டத்திலும் புதுக்கிராமத்திலும் அந்த முடிவை எடுத்தவர்கள் வேறு. அங்கே வாழ்ந்தவர்கள் வேறு. வாழப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

ஒரு தொழிற்சாலையை வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? இதற்கு விடை சொல்ல நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். நான்கும் உங்கள் அறிவியல் பாடத்தில் இருப்பவையே.

முதலாவது, தூரம். ஒரு சிறிய விளக்கிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் கிடைக்கும் வெளிச்சம், 20 மீட்டர் தள்ளி நின்றால் நான்கில் ஒரு பங்காகிவிடும். 30 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒலியும் கதிர்வீச்சும் ஏறக்குறைய இப்படித்தான் குறைகின்றன. அதனால்தான் தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். அதை இடைநிலப்பகுதி என்று சொல்லலாம். தொழிற்சாலையின் வகையைப் பொறுத்து அதன் அகலம் மாறும்.

இரண்டாவது, காற்று. தூசியும் புகையும் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போகின்றன. மூன்றாவது, நீர். மேட்டில் கொட்டியது மழையோடு பள்ளத்துக்கு வரும். மண்ணுக்குள் இறங்கினால் கிணற்றுக்கு வரும்.

நான்காவது, காலம். சமையல் கழிவு சில வாரங்களில் மட்கிவிடும். பிளாஸ்டிக் நம் ஆயுளைத் தாண்டி இருக்கும். சில பொருள்களோ மனிதகுலத்தின் வயதையே தாண்டி இருக்கும். அப்படி ஒரு பொருள் ஒரு புதுக்கிராமத்தின் பக்கத்தில் வந்து சேர்ந்த கதைதான் புக்கிட் மேரா.

ஈய மணலில் இருந்து வண்ணத் தொலைக்காட்சிக்கு

ஈப்போவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், லஹாட், மெங்லெம்பு வட்டாரத்தில் இருக்கிறது புக்கிட் மேரா புதுக்கிராமம். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயத்துக்கு உலகப் புகழ் பெற்றது என்பது உங்களுக்குத் தெரியும். ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கனமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அந்த அமாங்கில் மோனசைட் போன்ற தாதுக்கள் கலந்திருக்கும். அவற்றில் இட்ரியம் போன்ற அருமண் தனிமங்கள் உண்டு. அந்தக் காலத்து வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தெரிய இட்ரியம் தேவைப்பட்டது.

எனவே கழிவு மணலிலிருந்து காசு பார்க்க ஒரு வாய்ப்பு. 1979-இல் ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் பெரிய பங்குதாரர்களில் ஒன்று ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தைச் சேர்ந்த வேதியியல் நிறுவனம். 1982-இல் புக்கிட் மேராவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் சுமார் 11,000 பேர் வாழ்ந்தார்கள். வேலை கிடைக்கும் என்று பலர் மகிழ்ந்தார்கள்.

மோனசைட்டில் அருமண் தனிமங்களோடு சேர்ந்தே இருக்கும் இன்னொரு தனிமம் தோரியம். அது கதிரியக்கம் உடையது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். நமது பூமியின் வயதே சுமார் 450 கோடி ஆண்டுகள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு கிலோ தோரியத்தை ஒரு குழியில் வைத்தால், அது அரைக் கிலோவாகக் குறைவதைப் பார்க்க நாம் யாரும் இருக்கமாட்டோம், ஈப்போவும் இருக்காது.

தோரியம் சிதையும்போது ஆல்பா துகள்கள் வெளிவரும். ஒரு தாளே அவற்றைத் தடுத்துவிடும். நம் தோலும் தடுக்கும். ஆனால் தோரியம் தூசியாகி மூச்சோடு உள்ளே போனால் கதை வேறு. அப்போது துகள்களுக்கும் நுரையீரலுக்கும் நடுவே எந்தத் தாளும் இல்லை. தோரியத்திலிருந்து வரிசையாகப் பிறக்கும் வேறு சில தனிமங்கள் ஊடுருவும் ஆற்றல் மிக்க காமா கதிர்களையும் வீசும். எனவே இந்தக் கழிவைக் காற்றும் மழையும் மனிதரும் தொடாத இடத்தில், மிக நீண்ட காலத்துக்கு மூடி வைக்க வேண்டும். அந்த இடம் எது? இந்தக் கேள்விக்கு விடை தெரியும் முன்பே ஆலை இயங்கத் தொடங்கிவிட்டது.

குழி எங்கே?

கழிவைச் சேமிக்கும் இடமாக முதலில் பாரிட் பகுதி பேசப்பட்டது, அங்குள்ளவர்கள் எதிர்த்தார்கள். அடுத்து பாப்பான். போர்க்காலத்தில் சிபில் கார்த்திகேசு மருத்துவம் பார்த்த அந்தப் பழைய ஈயச் சுரங்க ஊர்தான். அங்கே குழிகள் வெட்டப்பட்டன.

பாப்பான் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் எழுதினார்கள். 1984 மே மாதத்தில் பாப்பானிலும் சுற்று வட்டாரத்திலும் சுமார் 6,700 பேர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதம் சாலையில் இறங்கி மறியல் செய்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். “குழிகள் பாதுகாப்பானவை” என்று அதிகாரிகள் சொன்னார்கள். “அப்படியானால் வெளியாரைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்” என்பது மக்களின் வாதம்.

அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். குழிகள் பாதுகாப்பாக இல்லை என்பதே அவர்களின் முடிவு. பாப்பான் திட்டம் கைவிடப்பட்டது. 1985 ஜனவரியில், கிளேடாங் மலைத்தொடரில் வேறோர் இடம் அறிவிக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். பாப்பானில் மக்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் குழிகள் நிரப்பப்பட்டிருக்கும். நிபுணர்கள் வந்ததும், அளந்ததும், குறை தெரிந்ததும் மக்கள் கேள்வி கேட்டதால் நடந்தவை. சரியான இடத்தில் கேட்ட கேள்வி ஒன்று, அறிவியலுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

நீதிமன்றத்தில் எண்கள்

குழி தள்ளிப்போனாலும் ஆலை புக்கிட் மேராவிலேயே இருந்தது. 1985 பிப்ரவரியில் கிராமத்தார் எட்டுப் பேர், ஊர் மக்கள் அனைவரின் சார்பாகவும், ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யும் வரை கதிரியக்கக் கழிவை உற்பத்தி செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. 1987-இல் அணுசக்தி உரிம வாரியம் உரிமம் வழங்க, ஆலை மீண்டும் இயங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்ற சிலர் அந்த ஆண்டு இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். பக்கத்து நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது எல்லா நேரத்திலும் எளிதாக இருந்ததில்லை.

வழக்கு விசாரணை 1987-இல் தொடங்கி 1990 வரை நீண்டது. இரு தரப்பிலும் நிபுணர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கருச்சிதைவு, குழந்தைகளின் உடல்நலக் குறைவு, இரத்தப் புற்றுநோய் என்று ஊர் மக்கள் தங்கள் வேதனையைச் சொன்னார்கள். அதற்கு ஆலைதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை.

இதில் ஓர் அறிவியல் சிக்கல் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் கருங்கல்லிலும் ஈய மணலிலும் இயற்கையாகவே சிறிதளவு கதிரியக்கம் இருக்கிறது. இன்று ஓரிடத்தில் அளந்தால் ஓர் எண் கிடைக்கும். அதில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு ஆலையால் வந்தது? ஆலை வருவதற்கு முன் அங்கே அளந்த எண் கையில் இருந்தால்தான் கழித்துப் பார்க்க முடியும். நோய்க்கும் அப்படியே. ஒரு சிறிய ஊரில் சிலருக்கு நோய் வந்தால் அது தற்செயலா, காரணம் உண்டா என்று பிரித்துச் சொல்ல, முந்தைய பல ஆண்டுகளின் கணக்கு வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடப் பரிசோதனையில் ‘தொடக்க அளவு’ என்று ஒரு கட்டம் நிரப்புகிறீர்களே, அதுதான் இது. அதை விட்டுவிட்டால் முடிவை எழுத முடியாது.

1992 ஜூலை 11-ஆம் நாள் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆலையை மூட உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சான்றையே ஏற்றிருக்க வேண்டும் என்றும், குறை இருந்தால் உரிமத்தை ரத்து செய்யும்படி மக்கள் அணுசக்தி உரிம வாரியத்திடம் கேட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

அப்படியானால் மக்கள் தோற்றுவிட்டார்களா? அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனம் தானே அறிவித்தது. வழக்கில் தோற்ற ஊரில் ஆலை திரும்பத் திறக்கவில்லை.

ஆனால் தோரியம் எங்கும் போய்விடவில்லை. ஆலைக் கட்டடத்தையும் அதன் அடியில் இருந்த மண்ணையும் அகற்றி, கிளேடாங் மலைத்தொடரில் அமைத்த பாதுகாப்புக் கிடங்கில் புதைக்க வேண்டியிருந்தது. 2011-இல் வந்த பத்திரிகைச் செய்தி ஒன்று, அதுவரை 11,000 லாரி அளவு பொருள் அகற்றப்பட்டதாகவும், துப்புரவுப் பணியின் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்றும் கூறியது. ஆலை இயங்கிய காலத்தைவிட அதைத் துடைக்க எடுத்த காலம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மில் பலர் மெங்லெம்புவிலிருந்து கிளேடாங் மலை ஏறுகிறோம். அந்த மலைத்தொடரின் இன்னொரு பகுதியில், காவலோடு, இந்தக் கதையின் மிச்சம் இருக்கிறது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

புக்கிட் மேரா ஆலை தொடங்கிய 1982-இல், பெரிய திட்டங்கள் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆய்வு செய்யும் கட்டாயம் மலேசியாவில் இல்லை. 1988 ஏப்ரல் முதல்தான் ‘சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு’ கட்டாயமானது. சட்டம் குறிப்பிடும் வகையான திட்டம் என்றால், வேலை தொடங்கும் முன்பே அந்த அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறையிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த இடத்தின் காற்று, நீர், ஒலி அளவுகளை முதலிலேயே எடுத்து வைப்பது அதில் ஒரு பகுதி. புக்கிட் மேராவில் தேவைப்பட்ட அதே ‘தொடக்க அளவு’!

நிலத்தைப் பொறுத்தவரை முக்கியமானது 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். 172-ஆவது சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன்படி இரண்டு திட்டங்கள் உண்டு. மாநிலம் முழுமைக்குமான பெரிய திட்டம் ஒன்று. மலாயில் அது ‘ரஞ்சாங்கான் ஸ்த்ருக்தூர்’. ஈப்போ மாநகர் மன்றம் போன்ற ஊராட்சி மன்றம் தன் பகுதிக்குத் தயாரிப்பது மற்றொன்று. அது ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’, அதாவது வட்டாரத் திட்டம். வட்டாரத் திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் இருக்கும். குடியிருப்பு, வணிகம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என எந்த நிறம் எதற்கு என்பது ஓரத்தில் உள்ள விளக்கக் குறிப்பில் இருக்கும். உங்கள் பந்துத் திடல் நாளை என்ன ஆகும் என்பதற்கான முதல் விடை அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

இந்த வரைபடம் இரகசியமானதில்லை. வட்டாரத் திட்டத்தின் வரைவு தயாரானதும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். வட்டாரத் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் விசாரிக்கும்படியும் கேட்கலாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த அறிவிப்பு நில உரிமையாளருக்கு வருகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வருவதில்லை. லயத்தில் வாழ்ந்த நம் பாட்டி தாத்தாக்கள் அங்கே மூன்று தலைமுறை இருந்தும் உரிமையாளர்கள் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்து, நமது நாட்டில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசு நியமிக்கிறது. எனவே வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும் அந்த நான்கு வாரமும், அந்த 21 நாளும் மிகவும் மதிப்புள்ளவை. அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் கடந்து போனால் அவையும் நம்மைக் கடந்து போய்விடும்.

பிள்ளைகள் சொன்னால் கேட்பார்களா?

கேட்டிருக்கிறார்கள். 1970-களில் கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்ட அறிஞர், யுனெஸ்கோவின் ஆதரவோடு, பல நாடுகளில் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் “உங்கள் பகுதியை வரைந்து காட்டுங்கள்” என்று கேட்டார். 1990-களில் அதே ஆய்வு மீண்டும் நடந்தபோது பெங்களூரின் ஓர் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளும் அதில் பங்கு பெற்றார்கள். பிள்ளைகளின் படங்களில் பெரியவர்களின் வரைபடத்தில் இல்லாதவை இருந்தன: எங்கே விளையாடலாம், எந்த வழியில் போகப் பயம், எங்கே நிழல். அந்த இடத்தில் தினமும் நடப்பவருக்கு மட்டுமே தெரிபவை அவை.

நானும் என் இரண்டாம் படிவ மாணவர்களை ஒருமுறை இப்படி அனுப்பினேன். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு சாலையைக் கடப்பது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மாணவி கைக்கடிகாரத்தோடு ஐந்து நாள் காலையும் அங்கே நின்றாள். தம்பியோடு சாலையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது, இரண்டு வண்டிகளுக்கு நடுவே எத்தனை விநாடி இடைவெளி கிடைக்கிறது என்று எழுதினாள். கடக்கத் தேவையான நேரம் கிடைக்கும் இடைவெளியைவிட அதிகம். அந்த அட்டவணையோடு கடிதம் போனது. பல வாரம் பதில் இல்லை. மறுபடியும் எழுதினோம். கடைசியில் வந்து பாதசாரிக் கோடு போட்டார்கள். நாங்கள் கேட்டது வேகத்தடை மேடு. கோடுதான் கிடைத்தது. அந்த மாணவி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் செய்து பாருங்கள்

இந்தப் பள்ளி விடுமுறையில் இதைச் செய்யலாம். தனியாகப் போகாதீர்கள், நண்பரோடும், வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லிவிட்டும் போங்கள். வேலி போட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள்.

1. வரையுங்கள். உங்கள் வீட்டை நடுவில் வைத்து, ஐந்து நிமிட நடை தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று படம் போடுங்கள். வடக்கு எது, மேடு எது, கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறியுங்கள்.

2. அளந்து எழுதுங்கள். மதியம் தார்ச்சாலையிலும் மர நிழலிலும் வெப்பநிலை எவ்வளவு? மழை நின்று எத்தனை நிமிடத்தில் கால்வாய் வடிகிறது? தேதி, நேரம் போட மறக்காதீர்கள். இன்று எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் எழுதி வையுங்கள். நாளை ஒரு மாற்றம் வந்தால் இதுதான் உங்கள் ‘தொடக்க அளவு’.

3. கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் நீர். 10,000 லிட்டர் தண்ணீர் லாரி 50 நிரம்பும். பால்மரங்கள் நின்ற மண் அதில் பெரும்பகுதியைக் குடித்தது. அதே நிலம் கூரையும் தாருமாக மாறினால் ஏறக்குறைய எல்லாமே கால்வாய்க்கு வரும். பழைய தோட்ட நிலத்தில் எழுந்த தாமான்களில் திடீர் வெள்ளம் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அதனால்தான் 2001 முதல் புதிய மேம்பாட்டுத் திட்டங்களில் மழைநீரைப் பிடித்து மெல்ல விடும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. உங்கள் தாமானில் அந்தக் குளம் எங்கே இருக்கிறது? அது தூர்ந்து கிடக்கிறதா?

4. ஒப்பிடுங்கள். பெற்றோரோடு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், வட்டாரத் திட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியிருப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. உங்கள் தாமானில் அது எங்கே என்று தேடுங்கள்.

5. எழுதுங்கள். குறை கண்டால் ஒரே ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு, என்ன வேண்டும். கோபத்தைக் குறைத்து எண்களைக் கூட்டுங்கள். குடியிருப்பாளர் சங்கம் இருந்தால் அதன் வழியாக அனுப்புங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நம் கையில் இருக்கும் கைபேசியிலும் அருமண் தனிமங்கள் இருக்கின்றன. அவை எங்கோ ஓரிடத்தில் பிரித்தெடுக்கப்பட்டவைதான். அந்த ‘எங்கோ’ யாருடைய வீட்டுப் பக்கம் என்று கேட்பதும், அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேட்டீர்களா என்று கேட்பதும் நம் கடமை.

என் பாட்டி காற்றில் வரையும் படத்தை ஒருநாள் காகிதத்தில் வரையச் சொன்னேன். லயம், ஸ்டோர், கோயில், பள்ளி, கிணறு எல்லாம் சரியாக வந்தன. முடித்துவிட்டு, “எங்களைக் கேட்டிருந்தா லயத்தைக் கொஞ்சம் மேட்டுல போடுங்கன்னு சொல்லியிருப்போம்” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் முறை வரும்போது கையில் ஒரு படமும் சில எண்களும் தயாராக இருக்கட்டும்.